தனிக்கடை போட்ட பிரிட்டன்

எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் தேனியில் சேர்ந்து மளிகைக் கடை நடத்தினார்கள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் பிரிந்தார்கள். பாகம் பிரிக்க ஒரே நாள்தான் ஆனது. ஆனால் சித்தப்பா விருதுநகர் மொத்த வியாபாரிகளிடம் ஒவ்வொருவராகப் போய்ப் புதுக் கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. பழைய கடைக்கு முப்பது நாள் கடன் கொடுத்தவர்கள் இவருக்குப் பதினைந்து நாள்தான் என்றார்கள். அதே மனிதர், அதே பருப்பு, அதே எண்ணெய்!

மும்பைக்கு வந்து வங்கியில் ஏற்றுமதி பில்களைப் பார்க்கிற வேலையில் உட்கார்ந்த எனக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறிய கதையைப் படிக்கும்போதெல்லாம் சித்தப்பா ஞாபகம்தான். பி.காம். படித்தவனுக்கு வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள். இது கணக்கு வழக்கு சம்பந்தப்பட்ட வரலாறு :-)

பிரிட்டன் அந்தக் கூட்டமைப்பில் சேர்ந்தது 1973 ஜனவரி 1 அன்று. அதற்கு முன் 1963லும் 1967லும் பிரெஞ்சு அதிபர் டி கால் கதவைச் சாத்திவிட்டார். சேர்ந்த பிறகு, மற்ற நாடுகளோடு வர்த்தக ஒப்பந்தம் பேசுகிற வேலை பிரஸ்ஸல்ஸுக்குப் போய்விட்டது. எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒரே சுங்கவரி, ஒரே பேரம். நாற்பது வருஷத்துக்கு மேலாக லண்டனில் யாரும் சொந்தமாக அந்தப் பேரத்தைப் பேசவில்லை.

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் வெளியேறலாம் என்றார்கள். அடுத்த மாதமே சர்வதேச வர்த்தகத்துக்கென்று புது அமைச்சகம் திறந்தார்கள். பேசத் தெரிந்த ஆள் வேண்டுமே? 2017ல் கிராஃபோர்ட் ஃபால்கனர் என்ற நியூசிலாந்துக்காரரைத் தலைமை ஆலோசகராக நியமித்தார்கள். 1973ல் பிரிட்டன் ஐரோப்பாவோடு சேர்ந்தபோது தன் வெண்ணெய்க்கும் ஆட்டிறைச்சிக்கும் சந்தை போய்விடுமோ என்று தவித்த நாடு நியூசிலாந்து!

முதல் வேலை, கையில் இருந்ததை இழக்காமல் பார்த்துக்கொள்வது. ஒன்றியம் 70க்கும் மேற்பட்ட நாடுகளோடு சுமார் 40 ஒப்பந்தங்கள் வைத்திருந்தது. வெளியே வந்தால் அவை பிரிட்டனுக்குச் செல்லாது. ஒவ்வொரு நாட்டோடும் தனியாக மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். 2020 முடிவதற்குள் பெரும்பாலானவற்றை வாங்கிவிட்டார்கள். அது லேசான காரியம் இல்லை, ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் நகல் எடுக்க முடியாத விஷயங்களும் இருந்தன. ஒன்றியத்துக்குள் குறைந்த வரியில் வருகிற நியூசிலாந்து ஆட்டிறைச்சிக்கு வருஷத்துக்கு ஏறத்தாழ 2,28,000 டன் என்று ஒரு கோட்டா இருந்தது. பிரிட்டனும் ஒன்றியமும் அதைத் தங்களுக்குள் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள நினைத்தன. அமெரிக்கா, நியூசிலாந்து உட்பட ஏழு நாடுகள் 2017லேயே ஆட்சேபம் தெரிவித்துக் கடிதம் எழுதின. முன்பு ஒரு சந்தையில் விலை சரியில்லை என்றால் சரக்கை இன்னொரு பக்கம் திருப்பிவிடலாம், இரண்டாகப் பிரித்தால் அது முடியாதே என்பது அவர்கள் வாதம்.

அடுத்தது, ஒரு பொருள் எந்த நாட்டுப் பொருள் என்ற கேள்வி. எங்கள் மேஜைக்கு வருகிற பில்லோடு அதற்கென்றே ஒரு சான்றிதழ் இருக்கும். பிரிட்டனில் பூட்டுகிற காரில் பாதி பாகங்கள் ஜெர்மனி, பிரான்ஸிலிருந்து வரும். உள்ளே இருந்தவரை எல்லாம் ஒரே கணக்கு. வெளியே வந்தபின் அவற்றையும் உள்நாட்டுப் பாகமாகச் சேர்த்துக்கொள்ள ஒவ்வொரு நாட்டிடமும் தனியாகக் கேட்க வேண்டும். கனடா தற்காலிகமாகத்தான் ஒப்புக்கொண்டது. சீஸுக்குக் கொடுத்திருந்த சலுகை 2023 கடைசியில் முடிந்தது. கனடா பதிலுக்குத் தன் மாட்டிறைச்சிக்கு வழி கேட்க, 2024 ஜனவரியில் பிரிட்டன் பேச்சையே நிறுத்தி வைத்தது.

இதைவிடப் பெரிய சிக்கல், அவசரம். 2017 மார்ச் 29 அன்று வெளியேறும் கடிதம் கொடுத்ததுமே இரண்டு வருஷக் கெடு ஓட ஆரம்பித்தது. அதை நீட்டி நீட்டி, 2020 ஜனவரி 31ல் வெளியே வந்தார்கள். ஒன்றியத்தோடு வர்த்தக உடன்பாடு முடிந்தது அந்த வருஷம் டிசம்பர் 24ல், கடைசிக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு.

2021ல் ஆஸ்திரேலியாவோடும் இதே கதை. ஜூன் மாத ஜி7 மாநாட்டையொட்டி முடித்துவிட வேண்டும் என்று தாங்களே தேதி வைத்துக்கொண்டார்கள். அப்போது விவசாய அமைச்சராக இருந்த ஜார்ஜ் யூஸ்டிஸ், பதவி போன பிறகு 2022 நவம்பரில் நாடாளுமன்றத்திலேயே, அது நல்ல ஒப்பந்தம் இல்லை, அதிகம் விட்டுக்கொடுத்துவிட்டோம் என்றார். அரசின் சொந்த மதிப்பீட்டிலேயே அதனால் 2035 வாக்கில் பிரிட்டன் பொருளாதாரம் கூடுவது 0.08 சதவீதம்தான்.

இந்தியாவோடு 2022 ஜனவரியில் பேச்சு தொடங்கியது. தீபாவளிக்குள் முடிப்போம் என்றார் போரிஸ் ஜான்சன். தீபாவளி வந்தது, ஒப்பந்தம் வரவில்லை, அதற்குள் அவர் பதவியும் போயிருந்தது. 2025 மே 6ல்தான் பேச்சு முடிந்தது, ஜூலை 24ல் கையெழுத்து. நம் 150 சதவீத விஸ்கி வரி உடனே 75 ஆகி, பத்து வருஷத்தில் 40க்கு இறங்க வேண்டும். பதிலுக்கு நம் ஆயத்த ஆடைகளுக்கு அங்கே இருந்த 12 சதவீதம் வரையிலான வரி நீங்க வேண்டும். வங்கதேசத்துக்கு அந்த வரி இல்லை என்பதால் எத்தனை ஆர்டர் கைமாறியது என்று திருப்பூரில் சொந்தக்காரர் இருப்பவர்கள் கேட்டுப் பாருங்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் பசிபிக் நாடுகளின் சிபிடிபிபி கூட்டமைப்பில் பிரிட்டன் சேர்ந்தது. ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. தன் பேரத்தைத் தானே பேசுவது உரிமை என்று வாக்களித்தவர்களிடம் லாபநஷ்டக் கணக்கை மட்டும் நீட்டுவதும் சரியில்லை. ஆனால் வெளியேறியதால் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும் என்பது அந்நாட்டு பட்ஜெட் கண்காணிப்பு அலுவலகத்தின் கணிப்பு. ஆஸ்திரேலியக் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

போன தடவை ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். சிரித்தார். "பிரிஞ்சது தப்புன்னு நான் இன்னைக்கும் சொல்ல மாட்டேன்டா. சரக்குக்கு ஏற்பாடு பண்ணாம கடை திறக்க முகூர்த்தம் குறிச்சு, ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்தேன் பாரு, அதான் தப்பு. அந்தப் பத்திரிகை விருதுநகர்க்காரன் கைக்கும் போயிருச்சுல்ல!"