லவ்கிராஃப்ட்டின் எழுத்துப்பணியும் மூலபாடச் சிக்கலும்

மொழிபெயர்ப்பாளர் கையிலெடுக்கும் அச்சு நூல், ஆசிரியர் எழுதிய பாடந்தானா என்னும் வினா ஏட்டுச்சுவடிகளுக்கு மட்டும் உரியதன்று. வெகுசன இதழ்களில் வெளிவந்த இருபதாம் நூற்றாண்டுக் கதைகளுக்கும் அது பொருந்தும். அமெரிக்கத் திகில், அறிவியல் புனைகதை ஆசிரியரான எச்.பி. லவ்கிராஃப்ட்டின் (1890-1937) எழுத்துப்பணி இதற்குத் தக்க சான்றாகும்.

பிராவிடன்ஸ் நகரிற் பிறந்த இவர், 1914-இல் தொழில்முறை சாராத இதழாளர் சங்கம் ஒன்றில் சேர்ந்து எழுதத் தொடங்கினார். 1923 முதல் ‘வியர்டு டேல்ஸ்’ இதழ் இவர் கதைகளை வெளியிட்டது. எனினும் பிறர் படைப்புகளைத் திருத்திக் கொடுத்தே பெரிதும் பொருளீட்டினார். மாயவித்தைக் கலைஞர் ஹூடினியின் பெயரில் 1924-இல் வெளியான கதையொன்று இவர் எழுதியதேயாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில உரைநடையில் தோய்ந்தவராதலின், அமெரிக்கராயினும் பிரித்தானிய எழுத்துக்கூட்டலையே இவர் கையாண்டார். 1931-இல் எழுதிய ‘அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்’ என்னும் நெடுங்கதை, அண்டார்டிகா சென்ற நிலவியல் அறிஞர் ஒருவரின் அறிக்கையாக அமைகிறது. நீண்ட பத்திகளில் நுண்விவரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதாலேயே அதில் அச்சம் விளைகிறது. பத்தியமைப்பு இங்குப் பொருளின் ஒரு கூறு எனலாம்.

‘வியர்டு டேல்ஸ்’ மறுத்த இக்கதையை 1936-இல் ‘அஸ்டவுண்டிங் ஸ்டோரீஸ்’ மூன்று பகுதிகளாக வெளியிட்டது. பத்திகள் துண்டாடப்பட்டன, எழுத்துக்கூட்டலும் நிறுத்தற்குறிகளும் மாற்றப்பட்டன, இறுதிப் பகுதியில் சில தொடர்கள் நீக்கப்பட்டன. சினமுற்ற ஆசிரியர் இதழ்ப்படிகளில் தம் கையாலேயே திருத்தங்கள் செய்தார். ஆயினும் அவை முழுமையாக அமையவில்லை.

அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். 1939-இல் ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வாண்ட்ரேயும் நிறுவிய ஆர்க்கம் ஹவுஸ் பதிப்பகம் அவர் கதைகளை நூலாக்கியது. பிழைகள் பல அந்நூல்களிலும் தொடர்ந்தன. புணேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய எஸ்.டி. ஜோஷி, பிரௌன் பல்கலைக்கழகத்திலுள்ள கையெழுத்துப்படிகளையும் தட்டச்சுப்படிகளையும் ஒப்புநோக்கித் திருத்திய பாடங்களை அதே பதிப்பகம் 1984 முதல் 1986 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது.

ஆகவே 1984-க்கு முந்தைய நூலொன்றைக் கொண்டு செய்யப்படும் மொழிபெயர்ப்பு, ஆசிரியரின் நடையோடு இதழாசிரியரின் கத்தரிப்பையும் சேர்த்தே பெயர்க்கும் இடருக்கு உள்ளாகிறது. குறுகிய பத்திகளைக் கண்டு, விரைந்து செல்லும் நடையே அவருடையது என ஆய்வாளர் முடிவுகட்டவும் கூடும்.

இதன் மறுபுறமும் எண்ணத்தக்கது. லவ்கிராஃப்ட்டின் கதைகள் சிலவற்றில் இன வெறுப்பு வெளிப்படையாகவே காணப்படுகிறது. வாசகர் முகம் சுளிப்பர் எனக் கருதி மொழிபெயர்ப்பாளர் அத்தொடர்களை மென்மையாக்கினால், 1936-இன் இதழாசிரியர் செய்ததையே அவரும் செய்தவராவார். மறுப்பும் விளக்கமும் முன்னுரைக்குரியவை. பாடம் பாடமாகவே நிற்றல் வேண்டும். மொழிபெயர்ப்பு நூல்களில் மூலத்தின் பெயரோடு, பயன்படுத்திய பதிப்பையும் அதன் ஆண்டையும் குறிக்கும் வழக்கம் நிலைபெறுவது இவ்வகையில் இன்றியமையாதது.