தகட்டில் விழுந்த பனி

நண்பர் வீட்டு ஹாலில் புதுசா ஒரு படம் மாட்டியிருந்தார். வேலி, ஒரு படல், படல் மேல ஒத்தைப் பறவை, சுத்திலும் பனி. பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு, க்ளோத் மோனேயின் 'மேக்பை'. கிட்டப் போய் விரலால தட்டினா டங்குன்னு சத்தம். கேன்வாஸ் இல்லீங்க, அலுமினியத் தகடு!

"தகரத்துல மோனேவா?"ன்னு சிரிச்சுட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சப்பதான் சிரிச்சது தப்புன்னு பட்டது.

மோனே இதை வரைஞ்சது 1868-69 குளிர்காலத்தில், பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில், எத்ரெதா என்ற ஊர்ப்பக்கம். அப்போ அவருக்கு 28 வயசு, கையில் காசு கிடையாது, வீட்டில் சின்னக் குழந்தை. நிழல் என்றால் கறுப்பும் பழுப்பும் என்று பழகியிருந்த காலத்தில், பனி மேல் விழுந்த வேலியின் நிழலை நீலமாத் தீட்டினார். 1869 பாரிஸ் சலோன் கண்காட்சிக்கு அனுப்பினார். வேண்டாம்னு தள்ளிட்டாங்க. இன்னிக்கு அது ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கு. வாங்கினது 1984-ல்!

சரி, தகட்டுக்கு வருவோம். ஒரு காலத்தில் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வெச்சிருப்பாங்க. ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841-ல் வெள்ளீய ட்யூபைக் கண்டுபிடிச்சார். அதுக்கப்புறம்தான் வண்ணத்தைப் பையில் போட்டுக்கிட்டு வெட்டவெளிக்குப் போறது சுலபமாச்சு. அந்தக் காலத்து ஓவியர்களின் முக்கியமான வெள்ளை, ஈயத்தில் செய்தது. 1802-ல் தெனார் உருவாக்கின நீலம், கோபால்ட்டில் செய்தது. ஆக, இம்ப்ரெஷனிசத்துக்கு உலோகம் ஒண்ணும் புதுசில்லை.

வித்தியாசம் வேற இடத்தில் இருக்கு. தகட்டுப் பிரிண்டில், காகிதத்தில் அச்சான சாயத்தைச் சுமார் 200 டிகிரி சூட்டில் அழுத்துவாங்க. சாயம் ஆவியாகி, தகட்டின் மேல் பூச்சுக்குள்ள இறங்கிடும். இதில் வெள்ளைச் சாயமே கிடையாது. தூய வெள்ளை வேணும்னா அந்த இடத்தில் சாயம் படாம விட்டுடணும், அடியில் இருக்கிற வெள்ளைப் பூச்சு தெரியும்.

மோனேயின் பனி அப்படியே நேர் எதிர். வெள்ளையோட நீலம், மஞ்சள், இளஞ்சிவப்புன்னு கலந்து கலந்து, தூரிகைத் தடம் தெரியத் தீட்டினது. அவர் கை அதிகம் உழைச்ச இடம் அதுதான். தகட்டிலோ, சாயம் ரொம்பக் குறைவா விழற இடமும் அதேதான்!

ஆனா நிழலின் நீலம் தகட்டிலும் பிழைச்சிருக்கு. சலோன்காரர்கள் திருப்பி அனுப்பின படம், நண்பர் வீட்டுச் சுவர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு. அடுத்த வாரம் போய் மன்னிப்புக் கேட்கணும். கூடவே ஒண்ணு சொல்லணும்: தகடு பளபளன்னு இருக்கு, ஜன்னலுக்கு எதிர்ல மாட்டாதீங்க சார், பறவையைத் தவிர வேற ஒண்ணும் தெரியலை :-)