வேலையை விட்டுப் போனவரின் மெயில்: டெலிட் பண்றதுக்கு முன்னாடி இதை கவனிங்க!

ஊழியர் விலகியதும், லைசென்ஸ் கட்டணம் மிச்சம்னு அவரோட ஆபீஸ் மெயில் கணக்கை உடனே டெலிட் பண்ணிடாதீங்க. கூகுள் ஒர்க்ஸ்பேஸில் டெலிட் செய்த கணக்கை மீட்க 20 நாள்தான் அவகாசம். அதன்பிறகு வாடிக்கையாளர் அனுப்பிய ஆர்டர், பில் எதுவும் திரும்பக் கிடைக்காது.

என்ன செய்யணும்?

1. அட்மின் கன்சோலில் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அவரது மொபைல், லேப்டாப்பில் இருக்கும் லாகினையும் துண்டியுங்கள்.

2. அவசரப்பட்டு சஸ்பெண்ட் செய்ய வேண்டாம். செய்தால் புது மெயில்கள் வந்து சேராது.

3. டேட்டா மைக்ரேஷன் வசதி மூலம் பழைய மெயில்களை, பொறுப்பேற்கும் ஊழியரின் கணக்குக்கு காப்பி செய்யுங்கள்.

4. எல்லா மெயிலும் வந்துவிட்டதா என சரிபார்த்த பிறகே டெலிட் செய்யுங்கள். அப்போது டிரைவ் ஃபைல்களை மாற்றவா எனக் கேட்கும். அதில் மெயில் அடங்காது, மறந்துடாதீங்க.

5. பழைய முகவரியை புதியவரின் கணக்கில் 'ஏலியாஸ்' ஆக சேர்த்தால், இனி வரும் மெயில்கள் அவருக்கே போகும்.

வங்கி ஓடிபி அந்த முகவரிக்கு வருகிறதா? டெலிட் செய்வதற்கு முன்பே வங்கியில் முகவரியை மாற்றிவிடுங்கள்.