எடை குறைத்து வரச் சொன்ன மருத்துவமனை

தொடை இடுக்கில் புடைப்பு கண்டால், தொந்திதான் குடலைக் கீழே தள்ளிவிட்டது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கைக்குப் பெரிய இடத்துச் சான்று ஒன்றும் இருப்பதுபோலத் தோன்றும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், குடலிறக்கத்தால் படையில் சேர முடியாமல் போன கனடா இளைஞர்களுக்கு அறுவை செய்து பெயர் பெற்றவர் டாக்டர் எட்வர்ட் எர்ல் ஷோல்டைஸ். 1945-இல் டொராண்டோவில் இந்த ஒரு நோய்க்கென்றே மருத்துவமனை தொடங்கினார். 1953-இல் அது தோர்ன்ஹில்லுக்கும் விரிந்தது. பருமனானவர்களை, எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவது அங்கே நெடுநாளைய வழக்கம். அந்த வழக்கம் சரியானது. அதை வைத்து எடையே நோய்க்குக் காரணம் என்று கொள்வதுதான் தவறு.

வழக்கத்தின் வேர் அறுவை மேசையில் இருக்கிறது. அங்கே அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுப்பார்கள். தசை அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, மெல்லிய எஃகுக் கம்பியால் தைப்பார்கள். முடிந்ததும் நோயாளி தானே மேசையைவிட்டு இறங்கி நடப்பார். கொழுப்பு தடித்திருந்தால் மரப்பு மருந்து கூடுதலாக வேண்டும், காயம் ஆழமாகும், அடுக்குகளைப் பிரித்தறிவது கடினமாகும். அதாவது, எடை அங்கே தையலின் சிக்கல்.

யாருக்கு நோய் வருகிறது என்பது வேறு கேள்வி. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் நடுவயது ஆண்கள் 7,000-க்கும் மேற்பட்டோரை 34 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2008-இல் வெளியானது. இயல்பான எடை உள்ளவர்களைவிட மிகப் பருமனானவர்களிடம் கவட்டைக் குடலிறக்கம் 43 விழுக்காடு குறைவாகவே பதிவாகியிருந்தது. கொழுப்புக்கு அடியில் புடைப்பு தெரியாமல் போயிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், சில அப்படித் தப்பியிருக்கும். ஆனால் எடை படிப்படியாக ஏற ஏற நோயும் படிப்படியாகக் குறைந்திருக்கிறது. வெறும் மறைப்பு இதை முழுதும் விளக்காது. அந்த மறுப்பை அப்படியே ஏற்றாலும், எடைதான் நோயைத் தருகிறது என்று ஆகிவிடாது. பழைய நம்பிக்கை முற்றிலும் ஆதாரமற்றதும் அல்ல: தொப்புளிலும் பழைய அறுவைத் தழும்பிலும் வரும் பிதுக்கங்களுக்குப் பருமன் உண்மையிலேயே துணைபோகிறது. கவட்டையின் கதை வேறு. ஆண் சிசுவின் விதை இறங்கிவந்த வழி அங்கே பலவீனமான இடமாக நின்றுவிடுகிறது. ஒல்லியானவருக்கும் அது உண்டு.

இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பியதால் இழப்பு இருபக்கமும். பருமனானவர் தன் உடம்பே குற்றவாளி என்று கூசி, மருத்துவரிடம் போகத் தயங்குகிறார்; மெலிந்தவரோ தனக்கு இது வராது என்று புடைப்பைப் பொருட்படுத்தாமல் விடுகிறார். குடல் சிக்கி இறுகிவிட்டால் இருவருக்கும் ஆபத்து ஒன்றே.