சில்லும் போத்தலும்

ஒரு பொருளுக்கு ஒரு தொழில் என்பது, பண்டம் மலிந்த சந்தையிற் பிறந்த எண்ணம். உழைப்போர் வீடுகளில் அவ்வெண்ணம் வேரூன்றியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பனையோலையை நோக்குவோம். கூரையாயும் வேலியாயும் நின்று வெயிலையும் மழையையும் தாங்கிய ஓலை, பழுதான பின் தோட்டத்து மண்ணிற் புதைக்கப்பட்டு எருவாயிற்று. இம்முறையை வகுத்தவர் தனியொரு மேதையல்லர். தலைமுறை தலைமுறையாக மண்ணோடு மல்லாடிய மக்களே.

இவ்வறிவு கடுஞ்சோதனைக்கு உள்ளாகிய காலம் ஒன்றுண்டு. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. அரசின் பொருளாதாரத் தடை குடாநாட்டை இறுக்கியது. மின்சாரம் நின்றது. எரிபொருளும் மின்கலமும் பசளையும் தடைக்குள்ளாயின. மண்ணெண்ணெய் துளியெண்ணிச் செலவிடும் பண்டமாயிற்று.

அந்நாளில் துவிச்சக்கரவண்டி வெறும் வண்டியாக நிற்கவில்லை. விறகைச் சுமந்தது, மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுசென்றது, நோயாளரையும் ஏற்றியது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, பல குடும்பங்களின் எஞ்சிய உடைமைகளைத் தாங்கியதும் அதுவே. இரவிலோ அது மின்னிலையமாயிற்று. வண்டியை நிறுத்தி மிதியைக் கையாற் சுற்ற, முன்விளக்குக்கென அமைந்த டைனமோ வானொலியைப் பேசவைத்தது. டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவதோ நேரோட்டம். இருவாயிகளை இணைத்து ஒன்றை மற்றதாக்கலாம் என்னும் பௌதிகப் பாடம், பரீட்சைத்தாளை விட்டு முற்றத்துக்கு வந்தது. ஒருவர் சுற்றப் பலர் செவிமடுத்தனர். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்தது.

வெறும் ஜாம் போத்தலும் அவ்வாறே புதுத்தொழில் ஏற்றது. அடியிற் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டுத் திரி பொருத்தினர். எண்ணெய்க் கலமும் காற்றைத் தடுக்கும் கண்ணாடியும் ஒன்றேயாயின. ‘சிக்கன விளக்கு’ என மக்கள் பெயரிட்ட அச்சிறு சுடரின் முன்னிருந்தே மாணவர் பரீட்சைக்குப் படித்தனர்.

இவற்றை எண்ணிப் பெருமிதங்கொண்டு அமைதல் எளிது. ஆயின் அப்பெருமிதம் தடையை விதித்த கைகளை மறைக்கும் திரையாதல் ஆகாது. அன்றைய பஞ்சம் வானம் பொய்த்ததால் வந்ததன்று, மனிதர் விதித்தது. டைனமோ வானொலியை இயக்கிற்று. மருந்தை அதனால் உண்டாக்க முடியவில்லை. சிக்கன விளக்கு எழுத்தைக் காட்டிற்று; படித்த கண்களைப் புகையினின்று காக்க அதனால் இயலவில்லை. மக்களின் ஆற்றலைப் போற்றுவோர், அவ்வாற்றலை அவ்வளவு சிறிய தேவைகளிற் செலவிட வைத்த கொடுமையையும் சேர்த்தே எழுதவேண்டும்.

பல பயன் தரும் பொருள்களை வடிவமைப்பது இன்று ஒரு தனிக் கல்வித்துறையின் பாடம். அப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களும் கற்கும் மாணவர்களும் தத்தம் ஊர்களில் அந்த வண்டியைச் சுற்றியவரையும் அந்தத் திரியைப் பொருத்தியவரையும் தேடிச்சென்று கேட்டு எழுதுவார்களாக. அவர்களிற் பலர் இன்று முதியோர். அவர்தம் கைகள் அறிந்தது ஏட்டில் ஏறாவிடின், நம் வரலாறு தடை விதித்தோரின் ஆணைகளை மட்டுமே நினைவிற் கொண்டிருக்கும்.