கொல்லிமலையில் ஆதரவற்ற குழந்தைகளும் பிராண்ட் தம்பதியரும்

கொல்லிமலை திருப்புலி நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு முதலான பதினான்கு நாடுகளாகப் பிரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினருக்கு மருத்துவமனையும் இல்லை, வண்டி ஏறும் பாதையும் இல்லை. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் மேலே தங்கத் தயங்கினர்.

1913-இல் மணமுடித்த ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் சேந்தமங்கலம் வழியே மலையேறி வாழவந்தியில் குடியேறினர். அவர்கள் மதம் பரப்ப வந்தவர்கள். ஜெஸ்ஸிக்குக் கட்டட வேலையும் ஓரளவு மருத்துவமும் தெரியும். நரம்புச்சிலந்திப் புழுவால் வீங்கிய கால்களுக்கு மருந்திட்டதோடு, நோய் பரவும் கிணறுகளில் மக்கள் காலை நனைக்காதபடி சுவர் எழுப்பவும் கற்றுக்கொடுத்தார். மருந்துக்கு வந்தவர்கள் தம்பதியரின் சமயத்தை ஏற்கவில்லை. ஊர்ப் பூசாரிகள் வெளிப்படையாகவே எதிர்த்தனர்.

இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்ற 1918-19 விஷக்காய்ச்சல் மலையையும் விட்டுவைக்கவில்லை. நோயாளிகள் வீடுகளிலேயே கைவிடப்பட்டனர். தம்பதியர் அரிசிக் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகச் சென்று ஊட்டினர். அவர்களைக் கடுமையாக எதிர்த்து வந்த பூசாரி ஒருவர், சாகும் தறுவாயில் தம் பெண்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தனர். கொல்லிமலையில் ஆதரவற்ற குழந்தைகளைப் பேணும் பணி இப்படித்தான் வேர் விட்டது. எந்தத் திட்டமும் இட முடியாத அடித்தளத்தை ஒரு தந்தையின் நம்பிக்கை இட்டது. பிறகு பெற்றோரை இழந்த, வேண்டாமென்று விடப்பட்ட குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர். அவர்களுக்குச் சோற்றோடு படிப்பும் கைத்தொழிலும் கிடைத்தன.

இதற்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை பெரிது. மலையிலேயே வளர்ந்த சொந்தப் பிள்ளைகள் பால், கோனி இருவரையும் 1923-இல் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுத் திரும்பினர். 1929-இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் 44 வயதில் இறந்தார். பிள்ளைகள் அவரை மீண்டும் பார்க்கவில்லை. பின்னாளில் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவைச் சிகிச்சையால் உலகப் புகழ் பெற்றார்.

கணவர் இறந்தபின் ஈவ்லினை அவர் சார்ந்த மதப்பணிச் சபை சமவெளிப் பணிக்கு மாற்றியது. ஏறக்குறைய எழுபதாம் வயதில் ஓய்வு பெற்றதும், சபையின் பொறுப்பில் இல்லாமலே அவர் மீண்டும் மலையேறினார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சென்று மருந்து கொடுத்தார்; கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார். பணி பச்சைமலை, கல்வராயன் மலை வரை விரிந்தது. விழுந்து எலும்பு முறிந்தும் ஊன்றுகோல்களுடன் நடந்தார். 1974 டிசம்பரில் 95 வயதில் காலமான அவரை வாழவந்தியில் கணவர் அருகே அடக்கம் செய்தனர்.