டெம்பிள் துரையின் ஒரு பவுண்டு கணக்கு

பி.காம். படித்தவர்கள் எல்லோருக்கும் ஆடம் ஸ்மித்தைத் தெரியும். 1776-ல் வந்த 'நாடுகளின் செல்வம்', கண்ணுக்குத் தெரியாத கை என்று பரீட்சைக்கு ஒரு கேள்வி நிச்சயம். அதற்குப் பதினேழு வருடம் முன்பே, 1759-ல், அவர் அறவுணர்வுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியதை வகுப்பில் யாரும் சொல்வதில்லை. அடுத்தவன் துன்பம் நம்மை ஏன் தொடுகிறது என்று அதில் ஆராய்கிறார்.

இன்றைய மானுடவியல் தரும் ஒரு பதில் குழந்தை வளர்ப்பில் இருக்கிறது. மனிதக் குழந்தை வருடக்கணக்கில் பிறரை நம்பியே வாழ்கிறது. தாய் ஒருத்தியால் மட்டும் வளர்த்துவிட முடியாது. பாட்டி, அக்கா, சித்தி என்று பல கைகள் வேண்டும். பிறர் முகம் பார்த்து மனதைப் படிக்கத் தெரிந்த கூட்டத்தில் பிள்ளைகள் பிழைத்தன. சாரா ஹர்டி 2009-ல் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார். ஜார்ஜியாவின் டமனிசியில் கிடைத்த மண்டையோடு ஒன்றின் வயது 17 லட்சம் ஆண்டுக்கு மேல். ஒரு பல் தவிர எல்லாம் விழுந்து, குழிகளும் மூடிப்போயிருக்கின்றன. அப்படியானால் அந்த மனிதர் பல்லில்லாமலேயே சில காலம் வாழ்ந்திருக்கிறார். கூட இருந்தவர்கள் உதவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், இந்த இரக்கம் சின்னக் கூட்டத்துக்காக உருவானது. தூரத்தில் இருப்பவர்களுக்கு எட்டாது. ஸ்மித்தே சொல்கிறார்: நாளைக்கு நம் சுண்டு விரல் போகப்போகிறது என்றால் இரவு தூக்கம் வராது, சீனாவில் கோடிக்கணக்கானோர் பூகம்பத்தில் மாண்டார்கள் என்றால் நன்றாகத் தூங்குவோம். இந்தக் குறையைச் சரிசெய்வது அறிவும் மனசாட்சியும்தான் என்பது அவர் முடிவு.

ஆனால் அறிவு தனியாகப் போனால் என்ன ஆகும்? அதற்கு நான் வேலை பார்க்கும் பீகாரையும் நம் ஊரையும் இணைக்கும் ஒரு கதை இருக்கிறது.

1873-74-ல் பீகாரில் பஞ்சம். நிவாரணப் பொறுப்பு ரிச்சர்ட் டெம்பிளிடம். அவர் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசி தருவித்துக் கொடுத்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவு. பாராட்டுக்குப் பதில் கிடைத்தது, "வீண் செலவு" என்ற கண்டனம்.

அடுத்து தாது வருஷப் பஞ்சம். 1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன், செலவைக் கட்டுப்படுத்த டெம்பிளையே சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இந்த முறை அவர் பாடம் படித்துவிட்டு வந்திருந்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடக் கொஞ்சம் சில்லறை. அவ்வளவுதான் கூலி. நாட்டிலிருந்து தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை. விலையில் சர்க்கார் தலையிடக்கூடாது என்பதற்கு அதிகாரிகள் ஸ்மித்தின் பெயரைத்தான் சொன்னார்கள். பாவம் மனிதர்!

எதிர்த்தவர் மாகாண சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ். அவர் வெறுமனே கண்ணீர் விடவில்லை. உழைக்கும் உடம்புக்கு எவ்வளவு உணவு தேவை என்று கணக்கோடு வாதாடினார். ஒன்றரை பவுண்டாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். சில மாதங்களில் கூலி ஓரளவு கூடியது. ஆனால் 1876-78 பஞ்சத்தில் மொத்தம் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

இருவரும் கணக்குதான் போட்டார்கள். டெம்பிள் கேட்டது, "எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?" கார்னிஷ் கேட்டது, "எவ்வளவு கொடுத்தால் பிழைப்பான்?" எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதைக் கூட்டல் கழித்தல் சொல்லித்தராது, அதற்கு இரக்கம் வேண்டும். பதிலைக் கண்டுபிடிக்க மட்டும் கணக்கு வேண்டும். பிறகு 1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கையும் அதைத் தொடர்ந்து பஞ்சச் சட்டவிதிகளும் வந்தன. முகம் தெரியாத ஆளுக்கும் இரக்கம் எட்ட வேண்டுமானால் அதை விதியாக எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

வங்கியில் தினமும் விதிகளோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு விதியும் இந்த இரண்டில் எந்தக் கேள்விக்குப் பதிலாக எழுதப்பட்டது என்று பார்த்தால் பாதி புரிந்துவிடும்.

தாது வருஷத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டது ஏதாவது இருந்தால் எழுதுங்களேன்.